மூன்றாவது போல்ட்டு

அந்தத் தெருவில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எல்லோருக்கும் அவர் 'அரையிஞ்சு'தான். லாரி பாடி வேலை அவருடைய தொழில். கதவு, மட்கார்டு, பானெட், ஏறுபடி என்று என்ஜினைத் தவிர லாரியில் எது ஆடினாலும் அவர் பட்டறைக்குத்தான் கொண்டுவருவார்கள். மரை தேய்ந்து போல்ட்டு சும்மா சுற்றுகிறதா, ஓட்டையைத் துளைத்துப் பெரிதாக்குவார். புதிதாக மரை வெட்டுவார். ஒரு அரை இஞ்சு போல்ட்டை மாட்டி, ஸ்பேனர் மேல் ஏறி நிற்காத குறையாக முறுக்குவார். "இனிமே இது கழலணும்னா வண்டியே கழலணும்" என்பார். சொன்னபடியே கழலாது. மூஞ்சியில் ஏழெட்டு அரை இஞ்சுத் தலைகள் முழித்துக்கொண்டு ஒரு லாரி வந்தால், அது யார் கைபட்ட வண்டி என்று ஊரில் யாரும் கேட்க வேண்டியதில்லை.

பதினாலு வருஷம் அவர் மாமனார் வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளையாக இருந்தார். மாமனாரும் லாரிக்காரர்தான். சொந்தமாக ஒரு வண்டி, மூக்கு நீண்ட பழைய மாடல், வயசு முப்பத்திரண்டு. செங்கல் ஏற்றுவார். வண்டியில் எங்கே கிறீச் என்றாலும், "மாப்பிள்ளைகிட்ட காட்டணும்" என்பார். வீட்டில் விளக்கு எரியவில்லை என்றாலும் மாப்பிள்ளைதான். மாமியார் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரியிடம் சண்டை போட்டுக்கொண்டு வந்தாலும் பஞ்சாயத்துக்கு மாப்பிள்ளைதான். அரையிஞ்சு அலுத்துக்கொள்வார். ஆனால் கூப்பிடாத வாரத்தில் அவருக்கு என்னவோ போல இருக்கும்.

பிறகு கொழுந்தியாளுக்குக் கல்யாணமாயிற்று. அன்றைக்கே மாமனார் யாரிடமோ, "இவர்தான் எங்க பெரிய மாப்பிள்ளை" என்று அறிமுகம் செய்தார். கேட்டவர் கும்பிட்டார். அரையிஞ்சும் கும்பிட்டார். ஆனால் 'பெரிய' என்ற அந்த ஒரு சொல் தொண்டையில் முள்ளாக நின்றது. மாப்பிள்ளை என்றால் முழுசு. பெரிய மாப்பிள்ளை என்றால் பாதி.

சகலை ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிற ஆள். பத்து வயது சின்னவன். அதிர்ந்து பேச மாட்டான். கை வேலை செய்கிறவனுக்கு நகக்கண்ணில் அழுக்கில்லை என்பதே அரையிஞ்சுக்குச் சந்தேகமாக இருந்தது. "வேலை செய்யறானா, மேற்பார்வை பாக்கறானா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"சோப்புப் போட்டுக் கழுவறாரு. நீங்களும் கழுவிப் பாருங்க" என்றாள் மனைவி.

சகலைக்கு இந்த ஊருக்கே மாற்றலாகி வந்தபின் நிலைமை மோசமாயிற்று. மாமியார் வீட்டு மிக்சியை அவன் சரிசெய்தான். மோட்டாரை அவன் சரிசெய்தான். ஒரு நாள் மாமனார் தன் மூக்குக் கண்ணாடியின் காது கழன்றதை அவனிடம் கொடுத்தார். ஊசி முனை அளவுத் திருகாணி ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டுக் கொடுத்தான். "பெரிய மாப்பிள்ளைகிட்ட குடுத்திருந்தா இதுலயும் அரை இஞ்சைப் போட்டிருப்பாரு!" என்று மாமனார் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அரையிஞ்சும் சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார்.

"உங்க வயித்தெரிச்சலுக்கு மேல ஒரு சட்டியை வெச்சா ஒரு வேளை சமையல் முடியும். கேஸாவது மிச்சமாகும்" என்று மனைவி சொல்லிவிட்டு அவர் பங்கையும் மூடி வைத்தாள்.

அந்த மழைக்காலம் முடிந்த கையோடு, மாமனாரின் லாரி ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது பக்க மட்கார்டு பாதி கழன்று சக்கரத்தில் உரசியது. அதைக் கம்பியால் கட்டி மெல்ல ஓட்டிக்கொண்டு வந்து அரையிஞ்சின் பட்டறையில் நிறுத்தினார். இரண்டு கதவுகளும் கீலில் தொங்கின. டிரைவர் பக்கத்து ஏறுபடி, காலை வைத்தால் தலையாட்டியது. வண்டியைச் சுற்றி வந்த அரையிஞ்சு, "ஒரு வாரம் விடுங்க மாமா. புதுசாக்கித் தரேன்" என்றார். மாமனார் தலையைச் சொறிந்தார்.

"நீங்க ஒருத்தரா எதுக்குக் கஷ்டப்படணும்? சின்னவருக்கு நாலு நாள் லீவாம். ரெண்டு பேருமாச் சேந்து செஞ்சா சீக்கிரம் முடியும்ல?"

தன்னுடைய பட்டறையில், தன்னுடைய தொழிலில், அவனா? நெஞ்சு கொதித்தது. வாய், "அதுக்கென்ன, வரட்டும் மாமா" என்றது.

மறுநாள் காலை சகலை ஒரு நீலப் பெட்டியோடு வந்தான். அதைத் திறந்ததும் அரையிஞ்சு ஓரக்கண்ணால் பார்த்தார். ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே ஒரு குழி. எது எடுத்தாலும் அதனதன் குழிக்குத் திரும்பிவிடும். அரையிஞ்சின் கருவிகள் எல்லாம் ஒரே வாளியில் கிடக்கும். தேவைப்பட்டால் வாளியைக் கவிழ்ப்பார்.

"நீங்க சொல்லுங்கண்ணே, நான் எதுல ஆரம்பிக்க?" என்று கேட்டான் சகலை.

"டிரைவர் கதவு உனக்கு. இந்தப் பக்கம் எனக்கு."

அது பங்கு பிரித்தது அல்ல, பந்தயம் கட்டியது. சகலைக்குத்தான் அது தெரியாது.

கதவின் கீலைப் பிடித்திருந்த போல்ட்டுகள் முப்பது வருஷத் துருவில் கதவு மாட்டும் தூணோடு தூணாக ஒட்டிப்போயிருந்தன. இப்படிப்பட்டவற்றை எப்படிக் கழற்றுவது என்று அரையிஞ்சுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டும். சுத்தியலால் தலையில் தட்டித் தட்டித் துருவை உலுக்க வேண்டும். சூடு காட்ட வேண்டும். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுவது போல ஆட்டிக் கழற்ற வேண்டும். எல்லாம் தெரியும். ஆனால் அந்தப் பக்கம் சகலை இரண்டாவது போல்ட்டைக் கழற்றித் தட்டில் போடும் 'டிங்' சத்தம் கேட்டது. அரையிஞ்சு ஸ்பேனருக்கு ஒரு குழாயை மாட்டி நீளமாக்கி, ஒரே இழுப்பு இழுத்தார். போல்ட்டின் தலை கையோடு வந்தது. உடல் தூணுக்குள்ளேயே நின்றது.

சரி, போகட்டும். முறிந்ததன் நடுவில் துளை போட்டு, எதிர்ப்பக்கம் திருகு வெட்டிய கூரான ஆணியை அதில் இறக்கித் திருப்பினால் கடித்துக்கொண்டு வந்துவிடும். நூறு தடவை செய்த வேலை. நூற்றியோராவது தடவை அவசரத்தில் துளை ஓரமாக விழுந்தது. ஆணியை இறக்கித் திருப்பினார். 'டக்.' ஆணியும் உள்ளேயே முறிந்தது. அது கடினமான எஃகு. அதன்மேல் டிரில் ஓடாது. வழுக்கும்.

அரையிஞ்சு வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். சத்தம் நின்றதும் சகலை வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

"வெல்டிங் எடுத்துக்கட்டுமாண்ணே?"

முறிந்த முனையின் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டை வழியாகவே இரண்டையும் பற்ற வைத்தான். சூடு ஆறும்வரை காத்திருந்தான். அந்தக் காத்திருப்புதான் அரையிஞ்சுக்குப் பொறுக்க முடியவில்லை. பிறகு நட்டில் ஸ்பேனரைப் போட்டு, அப்படியும் இப்படியும் அசைத்தான். ஆடிக்கொண்டிருந்த பால் பல் போல முழுசும் கழன்று வந்தது. அதே நேரம் பார்த்தா மாமனார் டீ வாங்கிக்கொண்டு உள்ளே வர வேண்டும்?

"அடேயப்பா! கை படலையே, காத்துப் பட்ட மாதிரி வருதே!"

"அண்ணன் ஏற்கெனவே முக்கால்வாசி ஆட்டி வெச்சிருந்தாரு மாமா" என்றான் சகலை.

அந்தப் பெருந்தன்மை அரையிஞ்சைச் சுட்டது. வெல்டிங் தீப்பொறி மேலே விழுந்திருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

மூன்றாம் நாள் கதவுகள் இரண்டும் ஏறின. மாமனார் முதலில் இடது கதவைத் திறந்து மூடினார். இரண்டாவது தடவை அறைந்த பிறகுதான் பூட்டு விழுந்தது. வலது கதவை ஒரு விரலால் தள்ளினார். 'தப்' என்று மெத்தையில் தலையணை விழுந்த சத்தம். இன்னொரு தடவை திறந்தார். 'தப்.' மாமனார் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அரையிஞ்சு இதற்குமுன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். அது அவருக்கு முதல் பேத்தி பிறந்தபோது.

சகலையிடம் இன்னொரு வித்தையும் இருந்தது. ஸ்பிரிங் போலச் சுருட்டிய சின்ன எஃகுக் கம்பி. தேய்ந்த ஓட்டையில் மரை வெட்டி அந்தச் சுருளைத் திருகி இறக்கிவிட்டால், சுருளின் உட்புறமே புது மரையாகிவிடும். பழைய அளவு போல்ட்டையே திரும்ப முறுக்கலாம். ஓட்டை பெரிதானதே வெளியே தெரியாது. மட்கார்டு, பானெட் கொக்கி எல்லாவற்றுக்கும் அப்படியே செய்தான். கடைசியாக டிரைவர் பக்க ஏறுபடி. மூன்று போல்ட்டில் இரண்டு பழசானாலும் பிடிப்பாக இருந்தன. மூன்றாவதன் ஓட்டைதான் தேய்ந்திருந்தது. மாமியார் சாப்பிடக் கூப்பிட்டு இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டாள். சகலை அந்த ஓட்டையிலும் சுருளை இறக்கி, முறுக்கிவிட்டுக் கையைக் கழுவினான். மறுநாள் பெயின்ட் தொட்டுவிட்டால் வேலை முடிந்தது.

அன்று சாயங்காலம் எல்லோரும் போனபிறகு அரையிஞ்சு மட்டும் பட்டறையில் இருந்தார். டார்ச் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். எதைத் தேடுகிறோம் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு போல்ட்டாக, பேன் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாம் கச்சிதம். ஒவ்வொன்றும் கச்சிதமாக இருக்க இருக்க அவருக்கு ஆத்திரமாக வந்தது. ஏறுபடிக்கு வந்தார். மூன்றாவது போல்ட்டின் தலையை இரண்டு விரலால் திருப்பினார்.

திரும்பியது.

வெளிச்சத்தைக் கிட்டே கொண்டுபோனார். சுருள் சரியாக இறங்கவில்லை. அதன் நுனி பூனை மீசை போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. போல்ட்டு உள்ளே ஒன்றரைச் சுற்றைத்தான் கடித்துக்கொண்டிருந்தது. அரையிஞ்சுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தரையில் படுத்தபடியே சிரித்தார்.

கையில் ஸ்பேனர் இருந்தது. கழற்றிப் போட்டுவிட்டு வேறு போல்ட்டு மாட்ட பத்து நிமிஷம் போதும். அவர் அதைச் செய்யவில்லை. நாளைக்கு மத்தியானம் மாமனார், மாமியார், கொழுந்தியாள் எல்லோரும் வண்டியைப் பார்க்க வருவார்கள். அப்போது போகிற போக்கில், "தம்பி, இதைக் கொஞ்சம் பாக்கறியா?" என்று அந்தத் தலையை விரலால் சுழற்றிக் காட்ட வேண்டும். கோபமாக இல்லை. மிருதுவாக. அவனைப் போலவே. அதுவரைக்கும் மற்ற இரண்டு போல்ட்டு தாங்காதா என்ன?

அன்று வீட்டில் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மனைவி அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

காலை எட்டு மணிக்குப் பட்டறைக்குப் போனால் வண்டி இல்லை. அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. எதிர் டீக்கடைக்காரர் சொன்னார்: "உங்க மாமனார் விடியக்காலையே வந்து எடுத்துட்டுப் போனாரே. அவசர லோடாம். பெயின்ட் அப்புறம் அடிச்சுக்கலாம்னாரு. கதவை நாலு தடவை மூடி மூடிக் காட்டினாரு எங்கிட்ட."

அரையிஞ்சு அவசரமாகப் போனை எடுத்தார். மாமனாருக்கு போன் போட்டார். ஓட்டும்போது மாமனார் போனை எடுக்க மாட்டார். செங்கல் சூளையில் லோடு ஏற்றுகிற மேஸ்திரியின் நம்பர், ஒரு தடவை மாமனாரோடு அங்கே போய்வந்த சகலையிடம்தான் இருந்தது. சகலையின் பெயரைத் திரையில் கொண்டுவந்து விரலை மேலே வைத்தார். என்னவென்று சொல்வது? 'நேத்தே பார்த்தேன்' என்றா? விரலை எடுத்துவிட்டார். மோட்டார் பைக்கை உதைத்துக் கிளம்பினார். அந்த ஒரு போனைப் போட்டிருந்தால் நேரம் இருந்திருக்கும் என்பதை அவர் பிற்பாடு பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்தார். இருந்திருக்கும்தான்.

சூளை வாசலில் வண்டி நின்றது. பத்துப் பேர் கூடியிருந்தார்கள். மாமனார் மண்ணில் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் போகக்கூடாத பக்கம் மடங்கியிருந்தது. ஏறுபடி ஒரே ஒரு போல்ட்டில், பட்சியின் உடைந்த சிறகு போலத் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது விட்டதும் முழுப் பாரமும் துருப்பிடித்த இரண்டாவதின் மேல் இறங்கி, அது முறிந்திருந்தது.

"வந்துட்டீங்களா மாப்பிள்ளை!" என்றார் மாமனார், பல்லைக் கடித்துக்கொண்டு. "யாரு சொன்னது உங்களுக்கு? இப்பத்தானே விழுந்தேன்."

அரையிஞ்சு மண்ணில் மண்டியிட்டார். மாமனாரைத் தூக்கிக்கொண்டார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் வாயில் வெறும் 'மாப்பிள்ளை' வந்திருந்தது. அதைக் கேட்டுச் சந்தோஷப்பட முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் கணுக்கால் எலும்பு முறிவு என்றார்கள். மாவுக்கட்டு, ஆறு வாரம். சகலை ஓடிவந்தான். வழியில் வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். நேராகக் கட்டிலருகே போய் நின்றான்.

"தப்பு என்னுது மாமா. கடைசிச் சுருளை முழுசா இறக்கலை. சாப்பிடற அவசரத்துல செக் பண்ணாம விட்டுட்டேன். வேற யாரும் இதுக்குக் காரணமில்லை."

அவன் கண் கலங்கியிருந்தது. மாமியார் அவன் தோளைத் தட்டினாள். மாமனார், "விடுங்க சின்னவரே, பழைய வண்டி, அது அப்படித்தான்" என்றார். அந்த அறையில் அவன்மேல் மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. அரையிஞ்சு சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கிற அழகுகூட அவனுக்கே வாய்த்திருக்கிறதே என்று அப்போதும் அவருக்கு எரிந்தது. அப்படி எரிந்ததை உணர்ந்ததும்தான் தன்னைப் பார்த்தே அவருக்குப் பயம் வந்தது.

மனைவி அவரை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நேத்து சட்டை முதுகெல்லாம் மண்ணு. துவைக்கும்போது பாத்தேன். வேலைதான் முடிஞ்சுடுச்சே, வண்டிக்கு அடியில எதுக்குப் படுத்தீங்க?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"உங்களைத்தான் கேக்கறேன். அந்த போல்ட்டு விஷயம் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்" என்றார். "எல்லாருக்கும் முன்னாடி காட்டணும்னு இருந்தேன்."

அவள் திட்டவில்லை. "அவரு எங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று மத்தியானம் மாமனார் தனியாக இருந்த நேரம் பார்த்து அரையிஞ்சு உள்ளே போனார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். டார்ச், விரல், திருப்பியது, சிரித்தது, போடாத போன் எல்லாம். மாமனார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றார் கடைசியில். "எனக்குப் போனது கால்தான். அது கூடிடும். அந்தப் பையன் காலையிலேருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலை. போய் அவருகிட்ட சொல்லுங்க."

அதுதான் கஷ்டம். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

சகலை ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டில், ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். அரையிஞ்சு சொல்லி முடிக்கும்வரை கேட்டான். முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. எழுந்தான்.

"பத்து நிமிஷ வேலைண்ணே அது. பத்து நிமிஷம்! என்னைக் கூப்பிட்டுக் கன்னத்துல ஒண்ணு விட்டிருக்கலாமே. வாங்கிட்டு வந்து சரி பண்ணியிருப்பேனே. நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலை" என்றார் அரையிஞ்சு. "நல்லா வேலை செஞ்சே. அதான்."

சகலை பக்கத்தில் கிடந்த தகர டப்பாவை எட்டி உதைத்தான். அது உருண்டுபோய் யாருடைய சைக்கிளையோ தள்ளிவிட்டது. இருவரும் போய் அந்தச் சைக்கிளை நிமிர்த்தினார்கள். அப்புறம் சகலை போய்விட்டான். அவன் சத்தம் போட்டு அரையிஞ்சு பார்த்ததே இல்லை. அவனுக்கும் கோபம் வரும் என்பதே அன்றுதான் தெரிந்தது.

ஆறு வாரமும் மாமனாரின் லோடுகளை அரையிஞ்சுதான் ஓட்டினார். காலையில் சூளை, மத்தியானத்துக்கு மேல் பட்டறை. ஏறுபடி இல்லாமல் சக்கரத்தில் கால் வைத்து ஏறினார். அவரே மாட்டியிருக்கலாம். மாட்டவில்லை. நாலாவது ஞாயிற்றுக்கிழமை நீலப் பெட்டியோடு சகலை வந்தான். வாசலில் நின்று, "படி எங்க?" என்றான். அரையிஞ்சு எடுத்துக் கொடுத்தார். மூன்று ஓட்டையையும் புதிதாக வெட்டி, மூன்று சுருளை இறக்கி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துப் பூட்டினான். அரையிஞ்சு டார்ச் பிடித்தார். முடிந்ததும் அவன் நகர்ந்து இடம் விட்டான்.

"பாத்துச் சொல்லுங்க."

அரையிஞ்சு படுத்து மூன்றையும் திருப்பிப் பார்த்தார். விரலால் பார்த்தார், ஸ்பேனரால் பார்த்தார். மனதின் ஒரு மூலை அப்போதும் ஒரு ஓட்டையைத் தேடத்தான் செய்தது. கிடைக்கவில்லை.

"நல்லா இருக்கு" என்றார். பல் பிடுங்குவது போலத்தான் வந்தது அந்த வார்த்தை. "இந்தச் சுருளை எப்படி இறக்கறதுன்னு எனக்கும் காட்டு."

சகலை பெட்டியைக் கிட்டே இழுத்தான். கருவிகளை அதனதன் குழியில் வைத்தான். "அடுத்த வாரம் வரேன்" என்றான். 'அண்ணே' சேர்க்கவில்லை. அது திரும்பி வர இன்னும் மூன்று மாதமாயிற்று.

கட்டுப் பிரித்த மறுநாள் மாமனார், தானும் சூளைக்கு வருவேன் என்று அடம்பிடித்து இடது பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டார். வழி நெடுக ஓயவில்லை. கியர் மாற்றுவது சரியில்லை என்றார். பள்ளத்தில் இறக்குகிறீர்களே என்றார். "சின்னவரு அன்னிக்கு ஒரு நாள் ஓட்டினாரு பாருங்க, பூ மாதிரி" என்றார்.

அரையிஞ்சுக்கு வழக்கம்போல உள்ளே சுருக்கென்றது. "ஆமா மாமா, அவன் நல்லாத்தான் ஓட்டுவான்" என்றார். சூளை வாசல் வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்து மாமனார் பக்கத்துக் கதவைத் திறந்தார். "அவசரப்படாதீங்க, என் தோளைப் பிடிச்சுக்குங்க" என்று முதுகைக் குனிந்து கொடுத்தார். மாமனார் ஒரு கையைத் தோளில் ஊன்றி, முனகிக்கொண்டே இறங்கினார்.